இரும்பு மாத்திரை போட்டும் ரத்தம் ஏறவில்லை. கோதுமைதான் காரணமா? சீலியாக் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

துவாரகா தமிழன்:

வணக்கம் நண்பர்களே. வாசிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம், வேலைக்காக டெல்லி வந்து இங்கேயே தங்கிவிட்டோம். மனைவிக்கு 34 வயது. ஹீமோகுளோபின் 7.8, ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பின் அளவு) 4. இரும்பு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் பழையபடி இறங்கிவிடும். மாதவிடாயில் பிரச்சினை இல்லை என்று மகப்பேறு டாக்டரும் சொல்லிவிட்டார். வயிற்று உப்புசம், அடிக்கடி வாய்ப்புண், ராத்திரியானால் கால் குடைச்சல் என்று எது சொன்னாலும் கேஸ் டிரபிள், டென்ஷன் என்றே வருஷக்கணக்கில் ஓடிவிட்டது. இப்போது பார்க்கும் டாக்டர் பழைய ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிவிட்டு டிடிஜி-ஐஜிஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். 20க்குள் இருக்க வேண்டுமாம், 186 வந்திருக்கிறது. சீலியாக் நோயாக இருக்கலாம், எண்டோஸ்கோப்பி செய்து குடலில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். அடுத்த மாதம்தான் தேதி கிடைத்தது.

என் கேள்வி, அதுவரை கோதுமையை நிறுத்திவிடலாமா? சென்னையில் இருக்கும் மதினி (மனைவியின் அக்கா) "அது பஞ்சாபிக்காரங்க வியாதி, சோறு தின்கிற நமக்கு எங்கே வரும்" என்கிறார். மாமியார் ஆட்டா டப்பாவை இன்றைக்கே தூக்கிப் போடு என்கிறார். எது சரி?

கறிவேப்பிலை:

நிறுத்தாதீர்கள்!! எண்டோஸ்கோப்பி முடிகிற வரைக்கும் தினமும் வழக்கம்போல சாப்பிடட்டும், ஒன்றிரண்டு சப்பாத்தியாவது உள்ளே போகட்டும். இந்த நோயின் எல்லாப் பரிசோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும். முன்கூட்டியே நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும், ரத்தத்தில் அந்த எண்ணும் இறங்கும், அப்புறம் ரிப்போர்ட் நார்மல் என்று வந்து நிற்கும். எனக்கும் சீலியாக்தான், இருப்பது சென்னையில். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், ரிசல்ட் வந்த அன்றைக்கு அவர் கையாலேயே டப்பாவைத் தூக்கிப் போடட்டும்.

குடல் வைத்தியர்:

கறிவேப்பிலை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மதுரையில் குடல்நோய் மருத்துவராக இருக்கிறேன், கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் புரதத்தைத்தான் குளூட்டன் என்கிறோம். நம் வயிறு அதை முழுதாகச் செரிக்காது, சில துண்டுகள் அப்படியே தங்கும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. எச்எல்ஏ டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் ஒரு சிலருக்கு மட்டும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தத் துண்டுகளை எதிரியாக நினைத்துக் கிளம்பும், அந்தச் சண்டையில் சொந்தக் குடலே அடிபடும். ஆகவே இது ஒவ்வாமை கிடையாது, ஆட்டோஇம்யூன் நோய். சிறுகுடலின் உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி பொசுபொசுவென்று உறிஞ்சிகளோடு இருக்கும், இந்த நோயில் அவை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் முதல் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது, முதலில் அடி விழுவதும் அங்கேதான். வயிற்றுப்போக்கே இல்லாமல் வெறும் ரத்தசோகையாக மட்டும் இது தலைகாட்டுவது அதனால்தான். சிலருக்கு எலும்பு தேய்மானம், சிலருக்குக் கல்லீரல் என்சைம் ஏற்றம், குழந்தை தங்காமல் போவது, பிள்ளைகள் என்றால் உயரம் ஏறாமல் நிற்பது. வாய்ப்புண்ணும் இந்தப் பட்டியலில் உண்டு.

உங்கள் மதினி சொன்னதில் பாதி உண்மை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக்கில் ரத்தத்தில் ஏறும் எதிர்ப்பொருள் (டிடிஜி பரிசோதனை தேடுவது இதைத்தான்) வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது, தெற்கே 0.10 சதவீதம். ஆனால் மரபணு வகை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு மேல்! வேறுபட்டது தட்டில் விழும் கோதுமைதான், வடக்கே ஒரு நாளைக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். நெல்லையில் பிறந்து டெல்லியில் வருஷக்கணக்கில் சப்பாத்தி சாப்பிடுகிற ஒருவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நீங்களே பாருங்கள். போதாததற்கு இப்போது நம் ஊரிலேயே சர்க்கரைக்கு நல்லது என்று ராத்திரி சப்பாத்திக்கு மாறிய வீடுகள் எத்தனை.

மற்றொன்று, உறிஞ்சிகள் தேய்ந்திருந்தாலே சீலியாக் என்று முடிவு கட்டக் கூடாது. நம் பக்கம் டிராபிகல் ஸ்ப்ரூ என்று ஒன்று உண்டு, 1960, 70களில் வேலூரில் நிறைய ஆராய்ச்சி நடந்த நோய், அதிலும் குடல் இப்படித்தான் தெரியும். ஜியார்டியா கிருமி, காசநோய், ஓல்மசார்டான் என்ற பிபி மாத்திரை, எல்லாமே இந்த வேடம் போடும். ரத்தம், சதை, உணவை மாற்றிய பிறகு உடம்பு தேறுவது, மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் மனைவிக்கு அளவு 9 மடங்குக்கு மேல் இருப்பதால் சந்தேகம் குறைவுதான், ஆனாலும் பெரியவர்களுக்குச் சதைப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் குறைந்தது 4 துணுக்கு, அதன் ஆரம்பத்தில் இருக்கும் பல்ப் பகுதியில் ஒன்றிரண்டு என்று எடுக்கச் சொல்லுங்கள். சேதம் ஓரிடத்தில் இருக்கும், பக்கத்திலேயே இருக்காது.

பழைய சோறு:

இவ்வளவு டெஸ்ட் எதற்கு? ஒரு மாதம் கோதுமையை நிறுத்திப் பாருங்கள், உடம்பு சொல்லிவிடும். தாத்தா பாட்டி காலத்தில் யாருக்கு வந்தது இது? பசுமைப் புரட்சியில் வந்த குட்டைக் கோதுமையால் வந்த வினை எல்லாம். சம்பா கோதுமைக்கு மாறினால் போதும், ஒன்றும் செய்யாது.

குடல் வைத்தியர்:

சம்பா கோதுமையிலும் குளூட்டன் உண்டு ஐயா. மரபு ரகமோ, இயற்கை விவசாயமோ, கல்லில் திரித்ததோ, கோதுமை கோதுமைதான். தயவுசெய்து சீலியாக் நோயாளி யாருக்கும் அதைப் பரிந்துரைக்காதீர்கள்.

நிறுத்திப் பார்ப்பதில் இருக்கும் சிக்கல், குடல் எரிச்சல் நோய்க்காரர்களுக்கும் கோதுமையை நிறுத்தினால் உப்புசம் குறையும். நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எந்த நோய் என்று சொல்ல முடியாது. பிறகு உறுதி செய்ய வேண்டுமானால் மறுபடியும் வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டுவிட்டுப் பரிசோதனை, அதற்குள் பலர் தாங்க முடியாமல் விட்டுவிடுகிறார்கள்.

நூலகப்பூனை:

பழைய சோறு அண்ணே, குட்டைக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது 1960களில். இந்த நோயை லண்டனில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் விவரித்தது 1888இல். அதற்கும் முன்னால், கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கிரேக்க மருத்துவர் அரேட்டியஸ் இதைப் போன்ற ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்த கதையும் சுவாரசியமானது. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர், அவருக்கு 1930களிலேயே ரொட்டி மேல் சந்தேகம். போர் முடிகிற நேரம், 1944-45 குளிர்காலத்தில் அங்கே கடும் பஞ்சம், ரொட்டியே இல்லை. ஊரே பட்டினியில் கிடந்தபோது இந்த நோய் உள்ள குழந்தைகள் மட்டும் தேறின, ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தன. 1950இல் அவருடைய ஆய்வேடு வந்தது. அதற்கு முன்பு 1920களில் இருந்து அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். பழத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை, பழம் சாப்பிட்டதால் ரொட்டி உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

லேப்காரன்:

இழையை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. டிடிஜி-ஐஜிஏ எடுக்கும்போது மொத்த ஐஜிஏ (எதிர்ப்பொருளில் ஒரு வகை) அளவையும் சேர்த்து எடுங்கள். சீலியாக் உள்ளவர்களில் 100க்கு 2, 3 பேருக்கு ஐஜிஏவே உடம்பில் சுரக்காது, அவர்களுக்கு டிடிஜி நார்மல் என்று வரும், நோய் உள்ளே இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு ஐஜிஜி வகைப் பரிசோதனை தனியாக உண்டு. 20, 10, 4 என்று நார்மல் அளவு லேபுக்கு லேப் மாறும், அதனால் எண்ணை மட்டும் பார்த்து அடுத்தவரோடு ஒப்பிடாதீர்கள், அந்த லேபின் எல்லையைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். மறுபரிசோதனையையும் முடிந்தவரை அதே லேபில் எடுங்கள்.

அப்புறம் ஒரே சொட்டு ரத்தத்தில் இருநூறு உணவுக்கு ஒவ்வாமை பார்க்கிறோம் என்று விற்கிறார்களே, அதில் காசைப் போடாதீர்கள். சீலியாக் இருக்கா இல்லையா என்று அது சொல்லாது.

துவாரகா தமிழன்:

எண்டோஸ்கோப்பி முடிந்தது. மார்ஷ் 3பி (குடல் சேதம் எந்தப் படி என்பதைச் சொல்லும் குறி) என்று எழுதியிருக்கிறார்கள். உறிஞ்சிகள் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டனவாம், சீலியாக் உறுதி. வாழ்நாள் முழுக்க குளூட்டன் கூடாது என்று சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். தாள் முழுக்க பிரெட், பாஸ்தா, கேக், பீட்சா. நம் சமையலைப் பற்றி ஒரு வரி இல்லை. நாங்கள் இட்லி, தோசை, சோறு, சாம்பார் என்று இறங்கிவிட்டால் முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், சரிதானே? (அல்வா போச்சு. திருநெல்வேலிக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்று அழுகிறாள்.)

கறிவேப்பிலை:

அல்வாவுக்கு ஆழ்ந்த அனுதாபம். கோதுமைப் பால் எடுத்துக் கிண்டுவது, அதில் மாற்று கிடையாது. பச்சரிசியில் கிண்டிப் பார்த்தேன், அது வேறு ஏதோ ஒரு பண்டம், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அல்வா இல்லை.

சோறு, இட்லி என்று இறங்கினால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று. மீதிக் கால் கிணறுதான் ஆளைக் கவிழ்ப்பது. முதலில் பெருங்காயம். கடையில் விற்கும் கட்டிப் பெருங்காயமும் தூளும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அசல் பிசின் கொஞ்சம்தான், மீதி மாவும் கோந்தும். அந்த மாவு பல கம்பெனிகளில் கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தில் பாருங்கள். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம், இட்லிப் பொடி என்று ஒரு நாளில் எத்தனை இடத்தில் அது விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள், கோதுமையே தொடாமல் தினமும் கோதுமை சாப்பிடலாம். அரிசி மாவு சேர்த்த தூளும் கிடைக்கிறது. நான் நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் வாங்கி வைத்திருக்கிறேன், கடுகளவு போதும், வீடே மணக்கும்.

இரண்டாவது மாவு மில். அரிசி கொண்டு போகிறோம், நமக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருப்பார். மிஷின்காரர் நல்ல மனுஷர், நம் அரிசியில் ஒரு கை அள்ளிப் போட்டு ஓட்டிவிட்டுத்தான் அரைப்பார், ஆனால் பையிலும் புனலிலும் படிந்திருக்கும் மாவு எங்கே போகும்? இடியாப்ப மாவு, ராகி மாவு, முறுக்கு மாவு எல்லாவற்றுக்கும் இதே கதை. டெல்லியில் உங்கள் தெருச் சக்கியில் நாள் முழுக்க ஓடுவதே கோதுமைதான், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஊறவைத்து மிக்சியில் அரைத்துச் சலியுங்கள், முடிந்தால் வீட்டுக்கென்று சின்ன மிஷின் வாங்குங்கள்.

ரவை கோதுமைதான் என்பது எத்தனையோ பேருக்குத் தெரியாது. ஓட்டலில் "சப்பாத்தி, பூரி வேண்டாம்" என்றால் "அப்போ ரவா தோசை போடட்டுமா" என்று கேட்பார்கள். உப்புமா, கேசரி, சேமியா, கிச்சடி அத்தனையும் தள்ளுபடி. சத்துமாவில் கோதுமை இருக்கும். ஹார்லிக்ஸ் வகையறாவில் பார்லி மால்ட், கர்ப்பிணிக்கு என்று கொடுக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. சோயா சாஸில் கோதுமை உண்டு. ஓட்டலில் ஒரே தோசைக்கல்லில் ரவா தோசையும் சாதா தோசையும் வார்ப்பார்கள், பூரி பொரித்த எண்ணெயில்தான் வடை வேகும். ராகி, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, ஜவ்வரிசி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் முழுத் தானியமாக வாங்கி, ஒரு தட்டில் பரப்பிப் பொறுக்கிவிட்டுக் கழுவுங்கள். கம்புக்குள் கோதுமை மணி கிடப்பதை நானே பொறுக்கியிருக்கிறேன். ஓட்ஸ் சுத்தமானதாக இருந்தால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், இங்கே கிடைப்பதில் பாதி கோதுமையோடு கலந்து வருவது, முதல் வருஷம் மறந்துவிடுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அண்ணா:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில். எங்கட ஆக்களுக்கு இன்னும் கஷ்டம். பாண், ரொட்டி மட்டும் இல்லை, அவித்த கோதுமை மாவில்தான் அரைவாசி வீடுகளில் புட்டும் இடியப்பமும். சுத்த அரிசிமா என்று சொல்லிக் கடையில் தருவதிலும் கோதுமை மா கலந்திருக்கும், கேட்காமல் வாங்கக் கூடாது. என் மனைவிக்குச் சீலியாக் என்று தெரிந்த பிறகு சிவப்பரிசி மாவை வீட்டிலேயே வறுத்து வைத்துக்கொள்கிறோம்.

இங்கே வருஷா வருஷம் கூப்பிட்டு இரத்தம் பார்ப்பார்கள். டிடிஜி, இரும்பு, ஃபோலேட், பி12, விட்டமின் டி, தைராய்டு. எலும்பின் அடர்த்தி பார்க்க ஸ்கேன் ஒன்று எடுத்தார்கள், நிமோனியா தடுப்பூசியும் போடச் சொன்னார்கள், இந்த நோயில் சிலருக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாதாம். டெல்லியில் தானாகக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன், நீங்களே கேட்டு எடுங்கோ தம்பி.

சிங்காநல்லூர் அம்மா:

என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை, 6 வயதில் வந்தது. டைப் 1 உள்ள பிள்ளைகளுக்கு சீலியாக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி எடுத்ததில் தெரிந்தது, வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாத பையன். டிடிஜி 10 மடங்குக்கு மேல் இருந்தது, வேறொரு நாள் எடுத்த ரத்தத்தில் ஈஎம்ஏ என்ற பரிசோதனையும் பாசிட்டிவ், அதனால் எண்டோஸ்கோப்பி தேவையில்லை என்றார். ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் வகுத்த முறையாம், பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

சாப்பாட்டைச் சமாளித்துவிடலாம் சகோ, மனிதர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கோவிலில் ரவா கேசரி கொடுத்தால் "சாமி பிரசாதம், ஒன்றும் ஆகாது, வாயைத் திற" என்பார்கள். பிறந்தநாள் என்றால் கேக். பையில் எப்போதும் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் வைத்திருப்பான், அவன் இப்போது அவனே சொல்லப் பழகிவிட்டான். பெரியவர்கள்தான் பழகவில்லை.

பழைய சோறு:

ஒரு வாய் கேசரியில் என்னம்மா ஆகிவிடும்? பிள்ளையை ஏங்க விடுகிறீர்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

குடல் வைத்தியர்:

ஐயா, இதற்குக் கணக்கே இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது, அந்த அளவிலேயே குடலில் சேதம் தெரிந்தது. ஒரு சப்பாத்தியில் குளூட்டன் ஏறக்குறைய 2, 3 கிராம். அதாவது சப்பாத்தியில் ஐம்பதில் ஒரு துணுக்கு, தினமும். பழக்கினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்பது இந்த நோயில் நடக்காது. தொந்தரவு தெரியாமல் உள்ளே நடந்துகொண்டே இருக்கும், எலும்பும் ரத்தமும் கரையும், மிக அரிதாகச் சிலருக்குக் குடலில் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் வரைக்கும் போகும். இன்றைய தேதிக்கு இதற்கு மருந்து கிடையாது, உணவுதான் மருந்து.

பாக்கெட் வாங்குபவர்களுக்கு: இந்திய உணவுத் தர ஆணையக் கணக்கில் குளூட்டன் இல்லாதது என்று போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. "குறைந்த குளூட்டன்" என்று போட்டிருப்பதில் 100 வரை இருக்கலாம், அதை இவர்கள் வாங்கக் கூடாது.

முத்துநகர்:

கத்தோலிக்கர்கள் யாராவது வாசித்தால்: நற்கருணை அப்பம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்பது சபைச் சட்டம். முற்றிலும் குளூட்டன் இல்லாததை ஏற்க மாட்டார்கள், மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் உண்டு, வத்திக்கான் 2017இல் எழுதிய கடிதத்திலும் இதைத்தான் சொன்னார்கள். அதுவும் பயமாக இருந்தால் திராட்சை இரசத்தை மட்டும் வாங்கலாம். ஆனால் குருவானவர் அப்பத்தில் ஒரு துண்டைத் தன் கிண்ணத்தில் போடுவார், அதனால் தனிக் கிண்ணம் வைக்கச் சொல்ல வேண்டும். என் தங்கைக்காகப் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிட்டோம், முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்.

துவாரகா தமிழன்:

எல்லாருக்கும் நன்றி. அரை வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது, அதனால் நிலவரம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். ஹீமோகுளோபின் 11.6. டிடிஜி 186இல் இருந்து 71க்கு இறங்கியிருக்கிறது. ஆரம்பத்தில் பால் குடித்தால் வயிற்றைப் புரட்டியது, தயிருக்கு மாறினோம், இப்போது பாலும் ஒத்துக்கொள்கிறது. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், கறிவேப்பிலை சொன்னபடியே முதல் பொருளே கோதுமை மாவு! வீட்டில் சப்பாத்தி நிற்கவில்லை, எனக்கும் மகளுக்கும் தனிக் கல், தனிப் பலகை, மனைவியின் சமையல் முடிந்து மூடி வைத்த பிறகுதான் மாவு பிசைவேன்.

இரண்டு சந்தேகம். 71 இன்னும் அதிகம்தானே, எங்காவது தவறிப் போகிறதா? அப்புறம் மகளுக்கு 7 வயது, டிடிஜி நார்மல், மொத்த ஐஜிஏவும் நார்மல். இதோடு விட்டுவிடலாமா? மதினிக்குத் தைராய்டு மாத்திரை ஓடுகிறது, அவரைப் பரிசோதனை எடுக்கச் சொன்னால் சிரிக்கிறார்.

குடல் வைத்தியர்:

71 நல்ல இறக்கம். இவ்வளவு உயரத்தில் ஆரம்பித்தால் நார்மலாக ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், பெரியவர்களுக்குக் குடல் ஆற அதைவிட நாள் பிடிக்கும். இறங்கிக்கொண்டே வந்தால் சரி, நின்றாலோ ஏறினாலோ எங்கே கோதுமை நுழைகிறது என்று உணவு நிபுணரோடு உட்கார்ந்து தேடுங்கள். விட்டமின் டியும் பி12உம் பார்த்தாயிற்றா? எலும்பு ஸ்கேனையும் தள்ளிப் போடாதீர்கள்.

மகளுக்கு இன்றைக்கு நார்மல் என்றால் இன்றைக்கு இல்லை என்றுதான் அர்த்தம், பிற்பாடும் வரலாம். பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் 100க்கு ஏறக்குறைய 10 பேருக்கு வருகிறது. சில வருஷத்துக்கு ஒரு முறை எடுங்கள், வளர்த்தி நின்றாலோ ரத்தம் குறைந்தாலோ உடனே எடுங்கள். ஒரே ஒரு தடவை மரபணுப் பரிசோதனை செய்து டிக்யூ2, டிக்யூ8 இரண்டும் இல்லை என்று வந்தால், பிறகு குத்தவே வேண்டாம். இருந்தால் பயப்பட வேண்டாம், இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. அதுவரை அவள் கோதுமை சாப்பிடட்டும், முன்ஜாக்கிரதை என்று நிறுத்திவிடாதீர்கள்.

மதினி விஷயம்: உடன்பிறந்தவர், தைராய்டும் இருக்கிறது. அது ஹாஷிமோட்டோ வகையாக (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது) இருந்தால் சீலியாக்கோடு சேர்ந்து வரும் ஜோடி. அடுத்த தடவை தைராய்டுக்கு ரத்தம் கொடுக்கும்போது அதே ஊசியில் இதையும் எடுக்கச் சொல்லுங்கள்.